நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன மகஜர்

சுருவில்,
ஊர்காவற்றுறை.
தை மாதம், வியாழக்கிழமை.

பாசமுள்ள வின்சன்ற் அண்ணைக்கு,

சுருவிலில் இருந்து உங்கள் தங்கை நிமலினி எழுதுவது. மாதாவின் காவலில் நானும் ஜெனுஷனும் பிள்ளை அன்ரனிட்டாவும் மாமியும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரேயொரு பொய்தான் வரவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன். அது கடைசிப் பக்கத்துக்குத் தேவைப்படுகிறது, ஆகவே அதை இங்கேயே செலவழிக்க விருப்பமில்லை. நீங்களும் கிருசாந்தி அண்ணியும் பிள்ளைகளும் அந்த நியூ ஹாம்ப்ஷயர்ப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

கடிதம் ஐந்து கிழமை பிந்திவிட்டது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் இருக்க, எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீங்கள் வெளியேறிவிட்டதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த பதினேழு அழைப்பும் மணி அடித்து அடித்து ஓய்ந்தன. அண்ணைக்குக் கோபம், நியாயமான கோபம், ஆறட்டும் என்று பார்த்திருந்தேன். இனிப் பார்த்திருக்க நேரமில்லை. சறோஜினிதேவி ரீச்சர் பொஸ்ரனில் இருக்கிற மகளிடம் சனிக்கிழமை பறக்கிறா, திங்கட்கிழமை இதை உங்களுக்குச் சேர்ப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறா. காகிதத்தில் எழுதினதைத் தடைசெய்கிற பொத்தான் இன்னும் வரவில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

விசயம் இதுதான். உங்கள் மச்சான் ஜெனுஷன் போகப்போகிறார். கட்டாருக்கு இல்லை, கொழும்புக்கும் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்தில் மீன்பிடி வள்ளத்தில் ஆள் ஏற்றுகிற ஒருவனோடு கதைத்து முடித்துவிட்டார். ரியூனியன் என்று ஒரு தீவாம், பிரான்சுக்காரனுடையதாம். நான் போனில் தேடிப் பார்த்தேன். ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. எங்களுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு தீவில் பிழைக்க ஏலாது என்று இன்னொரு தீவுக்குப் போகிற ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். பாஸ்போட்டை நான் அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன். அவர் கண்டுபிடித்து, அரிசியைத் தட்டி, திரும்ப என் கையில் தந்து, "வைச்சிரும், போற வழிக்கு அது தேவையில்லை" என்றார். பூரணை கழிய இருட்டில் ஏற்றுவானாம். பூரணை வருகிற வியாழன். அதற்குள் நீங்கள் அவரோடு கதைக்கவேண்டும். ஏன் நீங்கள் என்றால், இவ்வளவும் உங்கள் ஊர்த் தேர்தலால் வந்தது. ஏன் நான் எழுதுகிறேன் என்றால், அந்தத் தேர்தலுக்குள் எங்களை இழுத்துக்கொண்டு போனது நான்.

நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது, மற்றப் பாதியில் நீங்கள் நடுவில் நின்றீர்கள், ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் கடலில் பிடிபடுகிற நீலக்கால் நண்டை அவித்து, தசை பிடுங்கி, ரின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் அல்லவா. ஐப்பசியில் ஒரு காலை, நண்டுக் கொம்பனிக்காக நண்டு எடுக்கிற ஆரூரன், அனலைதீவு ஆள், நிறுத்துக்கொண்டிருந்த தராசை விட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணை, இனிக் கிழமையில மூண்டு நாள்தான் எடுப்பம். அமெரிக்காவில வாங்கிறவங்கள் கையை இழுத்துப்போட்டினம். அங்க தேர்தலுக்கு நிக்கிற ஒரு ஆள் வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் வரி எண்டு கதைக்கிறாராம்."

"அவங்கட தேர்தல் எப்ப முடியும்?" என்று ஜெனுஷன் கேட்டார்.

"இது கட்சிக்குள்ள நடக்கிறது. இது முடியத்தான் உண்மையான தேர்தல்."

"அப்ப ஒரு பொய்த் தேர்தலுக்கே அரைக் கிழமை போச்சு. உண்மையானது வந்தா?"

ஆரூரன் சின்ன நண்டு இரண்டைத் தெரிந்து திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஜெனுஷன் முதன்முதலாக, "மாசி வரைக்கும் பாப்பன், பேந்து நான் வெளிக்கிடுவன்" என்று சொன்னார். பகிடியாக்கும் என்று நான் சிரித்தேன்.

கார்த்திகையில் நீங்கள் ஒரு படம் அனுப்பினீர்கள். காலைச் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் பொரித்த முட்டைக்கு முன்னால் இருக்க, உயரமான ஒரு மனிதர் உங்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார். சனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிற ஆளுநர், கடைக்கு வந்தவர், கை தந்தவர் என்று கீழே எழுதியிருந்தீர்கள். இந்த மாநிலத்தில்தான் முதலாவதாக வாக்குப்போடுவது, அதனால் வேட்பாளர்கள் கடை கடையாக ஏறி எல்லாருக்கும் கை கொடுப்பார்கள், கோப்பை கழுவுகிறவருக்கும் கொடுத்தார் என்று பிறகு இன்னொன்று எழுதினீர்கள். அதை நான் வாசித்தேன். ஊர் முதலாவதோடு நிறுத்திக்கொண்டது. இங்கே ஒரு பெரிய ஆள் எங்கள் தோளில் கைபோடுவதென்றால் ஒன்றில் நாங்கள் அவருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும், அல்லது எங்கள் வீட்டில் யாராவது செத்திருக்கவேண்டும். உங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் இராசநாயகம் மாமா யாழ்ப்பாணம் போய் அந்தப் படத்தைப் பெரிதாக அடிப்பித்து, சங்க மண்டபத்தில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஒரு சாண் கீழே பதித்துத்தான் மாட்டினார், மரியாதை தெரிந்த மனிதர். அந்தோனியாருக்கு ஏற்றுகிற விளக்கு வெளிச்சத்தில் உங்கள் முட்டைதான் முதலில் தெரியும்.

பிறகு கூட்டம் வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். "பிள்ளை, நீ கம்பசில அரசியல் படிச்சனி. இந்த உள்ளுக்க நடக்கிற தேர்தல் என்னெண்டு வந்து சொல்லு." ஒப்பீட்டு அரசாங்கம் என்ற பாடத்தில் எனக்கு ஏ மைனஸ். அந்தப் பட்டத்துக்கு அரசாங்கம் இன்றுவரை ஒரு வேலையும் தரவில்லை, முதல் வேலை தந்தது இராசநாயகம் மாமாதான். சம்பளம் பால் விடாத ஒரு பிளேன்ரீ. அன்ரனிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலைக்கணக்கு எழுதுகிற பலகையில் சோக்கால் அமெரிக்காவைக் கீறினேன்.

"முதல்ல ஒரு கட்சிக்குள்ள ஆர் நிக்கிறதெண்டு சனம் வாக்குப்போடும்," என்றேன்.

"சனமோ? தலைவர் சொல்றேல்லையோ?" என்றார் இராசநாயகம் மாமா.

"இல்லை மாமா. சனம்தான்."

"அப்ப தலைவருக்கு என்ன வேலை?"

"அதைத்தான் நாங்களும் பதினொரு வருசமாய்க் கேக்கிறம்," என்று பின்னால் ஒரு குரல் வந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை, குரலை அவருக்குத் தெரியும்.

அப்புத்துரை அண்ணை எழும்பினார். "ஒரே கட்சிக்காரர் தங்களுக்குள்ள அடிபட்டு, மாறி மாறித் துரோகி எண்டு சொல்லி, கடைசியில ஒண்டாய் நிண்டு படம் எடுக்கிறது. இதைப் பாக்க அமெரிக்காவுக்குப் போகவேணுமே? எங்கட ஆக்கள் இஞ்ச வருசம் முழுக்கச் செய்யினம்."

ஒரே கட்சியில் முன்னுக்கு நிற்கிறவர்கள் இரண்டு பேர் என்று விளங்கப்படுத்தினேன். ஒருவர் உங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுநர். வரியைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஆனால் அமெரிக்கக் கப்பல் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கூப்பிடுவேன் என்கிறார். மற்றவர் செனற்றர். வரி போடவேண்டும், இந்து சமுத்திரத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறார்.

"இந்து சமுத்திரமெண்டா எந்தப் பக்கம்?" என்று அப்புத்துரை அண்ணை கேட்டார்.

"நீங்கள் வலை போடுறதும் அதுக்குள்ளதான் அண்ணை."

"அக்கரையில இருந்து இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகேக்க ஒருத்தரும் அதைப் பிடிச்சு வைக்கேல்லையே. இவர் எதைப் பிடிக்கப்போறார்?"

அண்ணை, எங்கள் சனத்துக்கு வெளிநாட்டுக் கொள்கை புதிதில்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் காற்றிலும் வெயிலிலும் கரன்ற் எடுத்துத்தர ஒரு பெரிய நாடு வந்தது, பக்கத்துப் பெரிய நாடு முகத்தைத் திருப்பியது, பிறகு தானே தாறன் என்றது. ஒரு மின்குமிழுக்காக இரண்டு வல்லரசு கோபித்துக்கொள்வதைக் கண்டவர்கள் நாங்கள். ஆகவே கூட்டம் நிதானமாகவே யோசித்தது. கப்பல் வந்தால் கடல் கலங்கும், வராவிட்டால் இழுவைப்படகுக்குக் குளிர்விட்டுப் போகும். இரண்டும் நட்டம்தான். ஆனால் வரி வந்தால் நண்டே போய்விடும். ஆகையால் கோரிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளுநருக்கு ஒரு மகஜர் கொடுப்பது என்று தீர்மானமானது.

உங்களுக்கு எங்களைத் தெரியும்தானே. எங்களுக்கு அந்த ஒரு வித்தைதான் தெரியும். ஆயர் வந்தால் மகஜர், ஐ.நா. ஆட்கள் வந்தால் மகஜர், ஒருமுறை நயினாதீவுக்குப் போகிற வழி தவறி வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்றுக்கும் கொடுத்தோம், பாவம், இரண்டு பேரும் எழும்பி நின்று வாங்கினார்கள். நண்டுக்கு வரி வேண்டாம் என்ற ஒன்றோடு நிறுத்துவோம் என்று நான் சொன்னேன். "ஒரு விசயத்துக்கு ஒரு மகஜரோ? தாள் வெறுமையாய்க் கிடக்கும்" என்றார் மாமா. ஆகவே இழுவைப்படகு வந்தது, இறங்குதுறைக்கு வெளிச்சம் வந்தது, அனலைதீவு வள்ளத்துக்குப் பின்னேரம் இன்னொரு ஓட்டம் வந்தது. அது ஆரூரன் சேர்த்தது. கொம்பனி ஆள் கையெழுத்து வைக்கக்கூடாது, வைத்தார். புளியங்கூடல் றோட்டு ஏழாவதாக வந்தது. அமெரிக்க சனாதிபதியாக வரப்போகிறவர் புளியங்கூடல் றோட்டுக்கு என்ன செய்வார் என்று கேட்டேன். "இவங்களும் ஒண்டும் செய்யேல்லைத்தானே" என்றார்கள். ஏ மைனஸை ஒருபக்கம் வைத்துவிட்டு எழுதினேன்.

ஒன்பதாவது எங்கள் மாமி. கூட்டம் முடிய அவ வந்து பக்கத்தில் நின்றா. "பிள்ளை, என்ர மூத்தவன்ர பேரையும் போடு." ஜெனுஷனுடைய தமையனை உங்களுக்கு நினைவிருக்கும், சண்டை நேரம் சைக்கிளில் போய்க் காணாமற்போனவர், சைக்கிளும் வரவில்லை. "மாமி, இது நண்டு மகஜர்" என்று மெதுவாகச் சொன்னேன். "எந்த மகஜரெண்டாலும் போடு. ஆர் கண்ணில படுமெண்டு ஆருக்குத் தெரியும்?" முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். மூத்தவரை ஒரு கடதாசியில் தேடுகிறா. இளையவர் இப்போது கடலில் போகப்போகிறார், அது அவவுக்கு இன்னும் தெரியாது.

பதினொரு கோரிக்கை, இருநூற்றுப் பதினாலு கையெழுத்து, முப்பத்தியொரு பெருவிரல், சங்கத்தின் றப்பர் முத்திரை. அடியில் பிரதிகள். அங்கேதான் அண்ணை நான் கெட்டது. பிரதி போடாத மகஜர் மகஜரே இல்லை என்று மாமா சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, எந்த மகஜரிலும் அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம். மாவட்டச் செயலர், கொழும்பில் உள்ள தூதுவர், பத்திரிகைகள், மற்றும் போட்டியிடும் ஏனைய வேட்பாளர்கள் அனைவரும் என்று வடிவாக இலக்கம் போட்டு எழுதினேன். ஒரு கட்சிக்குள் அடிபடுகிற இரண்டு பேரில் ஒருவரிடம் கேட்கிற உதவியை மற்றவருக்கும் அறியத்தருவது என்ன வேலை என்று ஒரு நிமிடமாவது யோசித்தேனா? அன்ரனிட்டா அழுதுகொண்டிருந்தாள். நான் முத்திரை மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் உங்கள் பக்கம். பள்ளிக்கூட மண்டபத்தில் ஆளுநர் கூட்டம் வைத்தபோது, எங்கள் கரைச்சல் தாங்காமல், மகஜரை அச்செடுத்துக்கொண்டு போனீர்கள். கையளிக்கிற படம் வேண்டும், படம் இல்லாவிட்டால் கையளிக்கவில்லை என்பதுதான் கணக்கு என்று மாமா மூன்றுமுறை குரல்செய்தி அனுப்பினார். நீங்கள் இரண்டு கையாலும் நீட்டினீர்கள். ஆளுநர் அதை வாசிக்கவில்லை. அங்கே சனம் தொப்பியையும் சேட்டையும் நீட்டி ஒப்பம் வாங்குகிறதாம், அந்த நினைப்பில் சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து, பதினோராவது கோரிக்கைக்குக் கீழே வடிவாக ஒப்பம் வைத்து, உங்களிடமே திருப்பித் தந்துவிட்டுப் போனார். இது ஆட்டோகிராப், வேறொன்றும் இல்லை என்று நீங்கள் எழுதினீர்கள். ஆனால் படத்தையும் அனுப்பிவிட்டீர்கள். சங்கத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் மகஜர் ஒன்றில், வாங்கினவர் அதைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு போகாமல், ஒப்பம் வைத்தது அதுதான் முதல்தடவை. "ஏற்றுக்கொண்டார்" என்று மாமா கூட்டறிக்கையில் எழுதினார். நான் ஒப்பம் வைத்த பிரதியை, இலக்கப்படி, ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் மின்னஞ்சலில் அனுப்பினேன். செனற்றருக்கும் அனுப்பினேன். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று வேறு போட்டேன்.

செனற்றர் கவனித்தார். நான்காம் நாள் மேடையில் அதைத் தூக்கிப்பிடித்து, ஆளுநர் வெளிநாட்டு நண்டுகாரரோடு பதினொரு அம்ச உடன்படிக்கை செய்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக வாசித்தாராம். புளியங்கூடல் றோட்டுக்கு மண்டபமே சிரித்ததாம். ஒன்பதாவதுக்கு வந்து, பாதியில் நிறுத்தி, தாளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பத்தாவதை வாசித்தார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் நான் மாமிக்குச் சொன்னேன். "ஒருத்தன் கண்ணில பட்டிருக்கு" என்றா.

ஆளுநருக்குப் பயம் பிடித்துவிட்டது. அதுவரைக்கும் அந்தத் தேர்தலில் ஒருவரும் நண்டு என்ற சொல்லையே எடுத்ததில்லை. அடுத்தநாள் ஆளுநர், தான் வந்தால் வெளிநாட்டு நண்டுக்கு ஐம்பது வீதம் வரி என்றார். செனற்றர் எழுபத்தைந்து என்றார். ஆளுநர் நூறு என்றார். இங்கே சங்கத்தில் போனைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம், கரையில் மீன் ஏலம் மாதிரியே இருந்தது. "நூறிலயோ விட்டவங்கள்?" என்று அப்புத்துரை அண்ணை கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. இராசநாயகம் மாமா கதிரையில் ஏறி உங்கள் படத்தைக் கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் பார்க்கச் சாத்திவைத்தார்.

நீங்கள் பட்டது எல்லாம் அண்ணியின் குரல்செய்தியில் கேட்டேன். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது, நீங்கள் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு தாய் பிள்ளையை ஏற்றாமல் நின்று 'நீ யாருடைய ஆள்' என்று கேட்டது, காலையில் வாசற்படியில் யாரோ ஒரு நண்டு ரின்னை வைத்துவிட்டுப் போனது. நாலு நிமிடச் செய்தியில் மூன்று நிமிடம் நியாயம். பதினாலு வருடமாக அந்த ஊரில் சத்தம் போடாமல் இருந்த மனிதரை ஒரு தாளில் வெளிநாட்டான் ஆக்கிவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்பதென்றால் எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று தெரியாமல்தான் ஐந்து கிழமையும் போனது.

புதுவருடத்துக்கு அடுத்தநாள் நண்டு நிறுத்து எடுக்கிற வாடிக் கதவில் கொம்பனி ஒரு கடதாசி ஒட்டியது. 'தற்காலிகமாக'. ஜெனுஷன் அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு வலை முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மடித்து, தறப்பாளால் மூடிக் கட்டினார். மணமுடித்த நாளில் இருந்து அவர் வலையை மடித்து நான் கண்டதில்லை. போன கிழமை எனக்குக் கிணற்று மோட்டரை எப்படி ஸ்ராட் பண்ணுவது என்று காட்டித்தந்தார். ஒரு நாளும் என்னைத் தொடவிடாத மோட்டர். "முதல்ல இதைத் திருகவேணும், பேந்து இழுக்கவேணும், பதறக்கூடாது" என்றார். நான் இழுத்தேன், முதல் தடவையே வேலை செய்தது. "கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். செனற்றர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற அதே இந்து சமுத்திரத்தில், ஆளுநர் கப்பலைத் திருப்பிக் கூப்பிடுகிற அதே சமுத்திரத்தில், ஒரு வள்ளத்தில் என் மனிதர் குந்திக்கொண்டிருப்பார். எந்தக் கொள்கை வென்றாலும் அந்த வள்ளத்தை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

ஆகவே அண்ணை, திங்கள் இரவுக்குள் அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கோ. என் போனுக்கு வேண்டாம், அவருடையதுக்கு. எங்கள் அம்மா அப்பா போன பிறகு நீங்கள் சொன்னால் மட்டும்தான் அவர் காது கொடுப்பார். உங்களுக்குப் பொய் வராது என்பது தெரியும், சின்னனில் நான் உடைத்த கண்ணாடிக்கு நீங்கள் பொய் சொல்லப்போய் இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. அதனால் நானே எழுதித் தருகிறேன், பார்த்து வாசித்தால் போதும்: "ஜெனுஷன், நான் இஞ்ச விசாரிச்சனான். அந்த வரி உண்மையான நண்டுக்கு இல்லையாம், மீனை அரைச்சு நண்டு மாதிரிச் செய்யிற சாமானுக்காம். பங்குனியில ஓடர் திரும்புமாம். அவசரப்படாதையும்." கடைசி இரண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கோ. இருமல் வந்தால் பரவாயில்லை, பனி என்று நினைப்பார்.

உங்கள் மாநிலத்தில் வாக்களிப்பு அடுத்த செவ்வாயாம். ஆருக்குப் போடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். என்னைக் கேட்டுச் செய்ததெல்லாம் போதும். இனி வாழ்நாளில் மகஜர் எழுதமாட்டேன் என்று அந்தோனியார் முன்னால், சுவரைப் பார்க்கிற உங்கள் படத்துக்கும் முன்னால், சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

அண்ணிக்கு என் மன்னிப்பையும், பிள்ளைகளுக்கு இந்த மாமியின் முத்தங்களையும் கொடுங்கோ. நீங்கள் ஓட்டுகிற பஸ்ஸையும் அதில் ஏறுகிற, ஏறாத எல்லாப் பிள்ளைகளையும் மாதா தன் மேலாடையால் மூடிக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள தங்கை,
நிமலினி

பிரதிகள்: ஒருவருக்கும் இல்லை.

பி.கு.: வெள்ளிக்கிழமை, பின்னேரம். உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன ஒன்றையும் செய்யவேண்டாம். இன்று காலை ஆரூரன் ஐஸ் லொறியோடு வந்து நின்று, கதவில் இருந்த கடதாசியைக் கிழித்துப்போட்டார். "அக்கா, நூறு வீதம் எண்டு கேட்டவுடன அங்க உள்ள கடைக்காரரெல்லாம் வரி வர முதல் வாங்கி அடுக்கினமாம். கொம்பனி இனி நாளாந்தம் எடுக்கும், எவ்வளவெண்டாலும் எடுக்கும். மூண்டு மாசத்துக்கு." ஜெனுஷன் தறப்பாளை அவிழ்த்துவிட்டார். நீர்கொழும்புக்காரனுக்கு என் முன்னாலேயே அழைப்பு எடுத்து, "மூண்டு மாசம் பொறு அண்ணை" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறு என்றார்.

நான் வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன். பயம் இருக்கும்வரைதான் வாங்கி அடுக்குவார்கள். இரண்டு பேரில் ஒருவர் நண்டை மறந்தாலும் பயம் போய்விடும், பயம் போனால் ஓடர் போய்விடும், ஓடர் போனால் ஜெனுஷன் போய்விடுவார். வரி உண்மையாகவே வந்தாலும் அதே கதைதான். ஆகவே உங்கள் தேர்தலில் ஒருவரும் கெதியாய் வெல்லாமல், ஒருவரும் நண்டை மறக்காமல், மற்ற மாநிலங்களிலும் இப்படியே கத்திக்கொண்டு போனால் எங்களுக்கு நல்லது. சங்கம் இன்று மத்தியானம் அவசரமாகக் கூடியது. செனற்றருக்கு ஒரு நன்றி மகஜர், அவருடைய உறுதியான நிலைப்பாட்டைத் தொடர்ந்து வலியுறுத்துமாறு கேட்டு. உங்கள் படத்தை இராசநாயகம் மாமா திரும்ப மாட்டிவிட்டார். மகஜர் இத்துடன் இருக்கிறது, ஆங்கிலம் என்னுடையது. கையளிக்கும்போது படம் எடுக்கவும். இந்தமுறை ஒப்பம் வைக்க விடவேண்டாம்.

பழைய பதினொரு கோரிக்கையில் பத்தை எடுத்துவிட்டோம். மாமியினுடையது மட்டும் இருக்கிறது. செனற்றர் முன்பு வாசிக்க ஏலாமல் நிறுத்தின இடம் அதுதான் என்பதால், முதலாவதாகப் போட்டிருக்கிறேன்.

பிரதிகள்: முன்னர் அனுப்பிய அனைவருக்கும்.